வாடாத பாட்டிலுக்கு ஒரு கை தண்ணீர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு சீப்பு வந்தது. முந்தின நாள் ஆர்டர் போட்டது, மறுநாள் மதியமே ஸ்ரீரங்கம் வீட்டு வாசலில்! ஒரு ஜோடி ஷூ தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே சுருள் சுருளாக பபிள் ஷீட். அதற்கும் உள்ளே... என் சீப்பு.

"இவ்ளோ பாதுகாப்பா? வாரறதுக்கு அங்க என்னங்க இருக்கு?" என்றாள் மனைவி. என் தலையைப் பற்றி அவளுக்கு எப்போதும் இளப்பம்தான்.

பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஷமீமாவிடம் கொண்டுபோனேன். ஷமீமா என் மனைவியின் காலேஜ் சிநேகிதி. கணவர் குவைத்தில். இவள் பாலக்கரையில் வீட்டிலிருந்தபடியே ஒரு ஷாப்பிங் வெப்சைட்டில் கடை போட்டு அத்தர் விற்கிறாள். பழைய அட்டைப்பெட்டி எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்வாள்.

மூன்று மாதமாக அவள் வீட்டில் பிளாஸ்டிக்குக்குத் தடா. தொட்டியத்தில் ஒரு விவசாயி காய்ந்த வாழைச்சருகை மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார். அத்தர் பாட்டிலைச் சருகில் சுற்றி, வாழை நாரால் கட்டி, பழைய பெட்டியில் வைத்து அனுப்புவாள். கட்டித் தருவது சரோஜாக்கா. கோயில் பக்கம் வருஷக்கணக்காகப் பூ கட்டியவர். அந்த விரல் வேகத்துக்கு மெஷின் தோற்றுவிடும்.

நான் போனபோது ஹால் மூலையில் புத்தம்புது பபிள் ஷீட் உருளை ஒன்று நின்றது. எனக்குத் திக்கென்றது.

"என்னம்மா இது?"

"தோத்துட்டேண்ணே" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பார்சல்ல பூஞ்சை. நாக்பூர்ல ஒரு அம்மா போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க. தொறந்தா அத்தர் வாசன வரணும், அழுகின வாசன வருதாம். இன்னும் ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தா கடையையே எடுத்துடுவோம்னு அந்த வெப்சைட்காரங்க மெயில் போட்டுட்டாங்க."

மூட்டையைப் பிரித்துப் பார்த்தோம். சருகு அப்பளமாக நொறுங்கியது. ஈரம் எங்கிருந்து வரும்? மழையா, கூரியர் வண்டியா? யாருக்குத் தெரியும்!

டீ போட உள்ளே போனாள் ஷமீமா. நான் ஜன்னலோரம் சாய்ந்தேன். அந்த வீட்டில் மதிய வெயிலுக்கே மல்லிகை வாசனை. சரோஜாக்காவின் விரல்கள் நாரை முறுக்கிக்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்கக் கண் சொருகியது. ஆறு இரண்டாகப் பிரியும் முக்கொம்பில் யாரோ சருகுப் பொட்டலங்களைத் தண்ணீரில் விடுகிறார்கள். ஒன்று காவிரியில் போகிறது, ஒன்று கொள்ளிடத்தில். லாரி இல்லை, ஹாரன் இல்லை. ஆறே டெலிவரி செய்கிறது. ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு கை நீண்டு, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்கிறது...

சில்லென்று ஒரு துளி என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. ஆற்றுத் தண்ணீரா?

இல்லை. சரோஜாக்கா பக்கத்திலிருந்த கிண்ணத்தில் விரல் நனைத்து, நாரை ஒரு உருவு உருவி, கட்டி முடித்த பொட்டலத்தின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கும் ஒரு தெளிப்பு.

"அக்கா, தண்ணி எதுக்கு?"

"தெளிக்கலன்னா வாடிப்போயிடாதுங்களா?"

டீயோடு வந்த ஷமீமா அப்படியே நின்றுவிட்டாள். "எது வாடும்க்கா... கண்ணாடி பாட்டிலா?"

மூன்று மாதமாக எல்லார் கண் முன்னாலும்தான் நடந்திருக்கிறது. நார் இருந்தால் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணமும் இருக்கும். இந்த ஊர்க்காரனுக்கு அது கண்ணிலேயே படாது. என் கண்ணாடி நனையாமல் இருந்தால் எனக்கும் பட்டிருக்காது.

சரோஜாக்கா முகம் செத்துவிட்டது. "என்னாலயா உன் கடை போகப்போவுது தங்கச்சி?" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். காய்ந்த நாரால் கட்டிப் பார்த்தார். பட்டென்று அறுந்தது. மறுபடி கட்டினார். மறுபடி அறுந்தது.

"நார நனைக்காம முடியாதுங்க. கட்டிட்டு ஒரு நாள் மாடியில காயப் போட்டா சரியாயிடும்."

"ஒரு நாளா? லேட்டானா ஆர்டரையே கேன்சல் பண்ணிடுவாங்கக்கா!" ஷமீமா அந்த உருளையைப் பார்த்தாள். சரோஜாக்காவைப் பார்த்தாள்.

அப்புறம் போனை எடுத்துத் தன் கடைப் பக்கத்தில் டைப் செய்தாள்: "கட்டிய பொட்டலம் ஒரு நாள் வெயிலில் காய்ந்த பிறகே கிளம்பும். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்." பட்டனை அழுத்தினாள். "போனா போகட்டும்ணே. இன்ஷா அல்லாஹ், போகாது."

மாடியில் பொட்டலங்களைப் பரப்பினோம். எதிரே மலைக்கோட்டை. காற்றில் சருகு லேசாகச் சலசலத்தது. ஊரே பாய் விரித்துப் படுத்த மாதிரி ஓர் அமைதி. எந்த அவசரமும் இல்லாமல் ஒரு பார்சலை நான் பார்த்தது அன்றுதான்.

மூன்று ஆர்டர் கேன்சல் ஆனது நிஜம். மற்றவர்கள் காத்திருந்தார்கள். நேற்று ஷமீமா போன் செய்தாள். குரலில் சிரிப்பு. நாக்பூர் அம்மாவுக்கு வேறு பாட்டில் அனுப்பியிருந்தாளாம். பதில் வந்திருக்கிறது: 'சருகைத் தூக்கிப் போடவில்லை. வாசனையாக இருக்கிறது, புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.' பபிள் ஷீட் உருளை பிரிக்காமலே வாங்கின கடைக்குத் திரும்பிவிட்டதாம்.

யாரோ முகம் தெரியாத ஒரு அம்மா அத்தருக்குக் காத்திருந்திருக்கிறார். எனக்கு மட்டும் சீப்பு மறுநாளே வேண்டியிருந்தது... என் தலையில் மிச்சமிருக்கிற நாலு முடி, ஒரு நாள் பொறுக்காதா?