கூடத்தில் இழைத்த வாகைக் கட்டில்

மகளின் கல்யாணத் தேதியைப் பேச, சிவகிரியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேக்கு கட்டுப்படியாகாததால் சீர்க் கட்டிலுக்கு வாகைப் பலகை எடுத்து, முதல் நாள்வரை ஆசாரியைக் கூடத்திலேயே இழைக்க வைத்திருந்தேன். பெருக்கியாயிற்றே என்ற தைரியத்தில், அவர்கள் உட்கார்ந்ததும் ஃபேனை வேகமாகச் சுழலவிட்டேன்.

"ஐப்பசியில வச்சுக்கிடலாமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும் என் கணவர் தும்மினார். பிறகு மகள், பிறகு நான்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "சகுனமே சரியில்ல. இன்னொரு நாள் பேசுவோம்" என்று எழுந்துவிட்டார். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். வாசலுக்குப் போவதற்குள் அவருக்கே அடுக்கடுக்காகத் தும்மல்!

அவர் கணவர் சிரித்துவிட்டார். "ஏட்டி, இப்ப நீயும்லா தும்முத!" என்றவர், மூலையில் கிடந்த கட்டிலைத் தடவிப் பார்த்தார். "வாகையை வீட்டுக்குள்ளயா வச்சு இழைச்சிய? அந்தத் தூளு யாரை விடும்? முதல்ல ஃபேனை அமத்துங்க."

ஐப்பசியே முடிவாயிற்று. "கட்டிலை நல்லாத் துடைச்சு அனுப்புங்க மதினி" என்றார் அந்த அம்மா, மூக்கைத் துடைத்தபடி.

வாகை உறுதியான மரந்தான், தூள்தான் பொல்லாதது. இப்போது எங்கள் வீட்டில் இழைப்பு வேலையெல்லாம் கொல்லையில்தான். ஃபேன் இறக்கையை ஈரத்துணியால் துடைக்காமல் விருந்தாளியை உட்காரச் சொல்வதுமில்லை.