மூடிய நிலையத்தின் வழியே

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. 'சும்மா அளக்கிறாள்' என்று சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அன்று அந்த அறையில் என்னோடு என் மேலாளரும் இருந்தார். வாய் ஓயாத மனிதர். நாங்கள் வைத்த பெயர் 'ரேடியோ'. இந்த விஷயத்தைக் கேட்டால் மட்டும் அந்த ரேடியோ இன்றைக்கும் வாயைத் திறக்காது.

நகரத்துப் பெரிய மருத்துவமனையையும் தூரத்துக் கிளைகளையும் இணைக்கும் நெட்வொர்க்கைக் கவனிப்பது என் வேலை. ஜன்னலே இல்லாத அறை, சுவர் முழுக்கத் திரைகள். அன்று மாலை தீவுக் கிளையில் என் அக்கா பிரசவ மேஜையில் கிடந்தாள். குழந்தை குறுக்கே திரும்பியிருந்தது. ரத்தம் நிற்கவில்லை. அங்கே இருந்தது அனுபவமில்லாத ஒரே ஒரு டாக்டர். எங்கள் பிரசவ நிபுணர் இங்கிருந்து வீடியோவில் பார்த்து, ஆபரேஷன் செய்ய அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீடியோ நின்றால் என் அக்கா பிழைக்க மாட்டாள்.

வீடியோ ஏதோ குழாயில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். படத்தையும் குரலையும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டுவோம். எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது என்று ஒவ்வொன்றின் மேலும் குறித்திருக்கும். எந்த வழி திறந்திருக்கிறதோ அதில் தனித்தனியாக ஓடும். போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசையாக ஒட்டினால் மறுபடி படம். சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் 'கிடைத்தது' என்று அங்கிருந்து ஒரு பதில் திரும்பி வரும். ஒரு வழி அறுந்தால் பொட்டலங்கள் இன்னொன்றைப் பிடிக்கும்.

தீவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கடலடிக் கேபிள். இன்னொன்று மலைமேல் இருந்த, சிக்னலை வாங்கி அடுத்த பக்கம் தள்ளிவிடும் ரிலே நிலையம். அதை எட்டு மாதம் முன்பே மூடி, மெஷின்களைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். வழிகளின் பட்டியலில் அதன் பெயரை மட்டும் யாரும் அழிக்கவில்லை. எங்கள் தொழிலில் இது சகஜம். நிலையத்தை மூட எல்லோரும் ஓடி வருவோம், பெயரை அழிப்பதை 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுவோம்.

மாலை 6:40. புயலில் கேபிள் அறுந்தது. திரையில் அதன் விளக்கு சிவப்பானது.

ஆனால் தீவோடு தொடர்பு இருப்பதைக் காட்டும் விளக்கு... பச்சையாகவே இருந்தது.

"கேபிள்தான் போச்சே, எப்படிம்மா ஓடுது?" என்றார் ரேடியோ.

பொட்டலங்கள் போகும் வழியைத் திரையில் வரவழைத்தேன். நடுவில் ஒரே ஒரு பெயர். மலை நிலையம்.

"அங்க கரண்டே கிடையாதும்மா..."

"தெரியும் சார்."

அந்த நிலையத்துக்கு ஒரு சோதனைப் பொட்டலம் அனுப்பினேன். மலைவரை போய்த் திரும்பக் கொஞ்சமாவது நேரம் பிடிக்க வேண்டும். பதில் வந்தது. எடுத்த நேரம்... பூஜ்யம்.

மறுபடி அனுப்பினேன். பூஜ்யம்.

தூரமே இல்லாவிட்டால்தான் அப்படி வரும். பதில் சொல்வது இந்த அறைக்குள் இருந்தால்தான் வரும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"தெரியாத மெஷின் நெட்வொர்க்குக்குள்ள வந்தா உடனே வெட்டணும். அதான் ரூல்." ரேடியோ கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். "கை வச்சீங்க... நடக்கிறதே வேற! அங்க படுத்திருக்கிறது எங்க அக்கா!"

"அது என்னன்னே தெரியலையேம்மா..."

"எதுவா இருந்தா என்ன சார்? பேயா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்!"

மின்விசிறிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது.

பின்னால்... யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள்.

ரேடியோ என் முன்னால்தான் நின்றார்.

7:02. பச்சை அணைந்தது.

தடால்! கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் நிபுணர் உள்ளே வந்தார். "என்னய்யா கிழிக்கிறீங்க இங்க? ஆறு நாற்பதுலேர்ந்து என் திரை கறுப்பா கிடக்கு! ஹலோ ஹலோன்னு கத்துறேன், அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்ல!"

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அக்கா போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

7:20. மழை விட்டதும் தீவின் சாட்டிலைட் போன் உயிர்பெற்றது. மாமா, அக்காவின் கணவர், பேசினார். "பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! டாக்டருக்கு நன்றி சொல்லுமா!"

நான் ஓவென்று அழுதேன். நிபுணரின் முகத்தில் ஈயாடவில்லை.

பத்து நாள் கழித்து அக்காவைப் பார்த்தேன். ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்ததாம். எல்லாமே காதில் விழுந்திருக்கிறது.

"நடுவுல உங்க டாக்டர் போயி ஒரு அம்மா பேச வந்தாங்கடி. எங்க வெட்டணும், எங்க தைக்கணும்னு பொறுமையா சொன்னாங்க. தங்கமான குரல். குழந்தை பொறந்ததும் கேமராகிட்ட காட்டச் சொன்னாங்க. 'இன்னும் கிட்ட... இன்னும் கிட்ட'ன்னாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க."

குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அந்த மாலையின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். 6:40-க்குப் பிறகு தீவிலிருந்து புறப்பட்ட பொட்டலங்களில் ஒன்றுகூட எங்கள் நிபுணரின் திரைக்கு வரவில்லை. ஆனாலும் குழந்தையின் முகத்தைச் சுமந்துபோன ஒவ்வொரு பொட்டலத்துக்கும், ஒன்று விடாமல், 'கிடைத்தது' என்று பதில் போயிருந்தது.