பெயர் சொன்னால்தான் சாப்பாடு

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலிருந்து வெள்ளிமலை பஸ் கிளம்பும்போது காலை எட்டு மணி இருக்கும். ஜன்னல் ஓரத்தில் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அந்த ஒரு வகுப்பை மட்டும் இரண்டு முறை ருசித்துப் படித்தேன். தொழில் பந்தல் போடுவது. சென்னையில் கடற்கரை ஓரமாக உணவுத் திருவிழா என்றால் கம்பு ஊன்ற என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஊன்றி முடித்த ராத்திரிகளில் கடை கடையாக வாசனை பிடித்துக்கொண்டு திரிவேன். பாண்டிச்சேரியில் ஒயின் ருசி பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பந்தல் போட்டபோது ஒரு கோட்டுக்காரர் இரக்கப்பட்டு எனக்கும் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கொடுத்தார். முகர்ந்து பார், வாயில் சுழற்று, துப்பிவிடு என்றார். நான் விழுங்கிவிட்டு ஊறுகாய் கேட்டேன். அன்றோடு அவருடைய இரக்கம் தீர்ந்தது.

இந்த முறை கல்வராயன் மலையில் சிறுதானிய உணவுத் திருவிழா. பந்தல் வேறு யாரோ போட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாகச் சாப்பிட மட்டும் போகிறேன் என்பதால் துவைத்த சட்டை போட்டிருந்தேன்.

வடக்கனந்தல் வரை கரும்பு, மரவள்ளி, வெயில். கச்சிராயப்பாளையத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வெயிலை யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. நான்கைந்து வளைவுகளில் மேகம் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவரின் தலை தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. நடத்துனரிடம், ஓட்டுநருக்கு ரோடு தெரிகிறதா என்று கேட்டேன். “அவுரு எங்க பாக்கறாரு, பழக்கத்துல போய்க்கினு இருக்காரு” என்றார். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிமலையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துத் திருவிழா நடக்கும் மைதானத்துக்குப் போனேன். மைதானம் என்று ஆட்டோக்காரர் சொன்னதால் நம்பினேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து புகை வாசனையும் கோழிக் குழம்பு வாசனையும் வந்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அதாவது மூக்கு போன பக்கம் நடந்தேன். பந்தல் கம்பு ஒன்று நெற்றியில் இடித்தது. இரண்டடி தள்ளி ஊன்றியிருக்க வேண்டும். தொழில் தெரியாதவர்கள்.

கம்புக்கு அடுத்து ஒரு தேன் கடை. கடைக்காரர் ஐந்தாறு பாட்டில்களை வரிசையாக வைத்து, கரண்டி நுனியில் ஒவ்வொரு சொட்டாக நாக்கில் வைத்தார். கொம்புத் தேன், புற்றுத் தேன், கொசுத் தேன் என்று ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்தினார். ஒன்று இனித்தது, ஒன்று புளித்தது, ஒன்று கடைசியில் லேசாகக் கசந்தது. துப்ப வேண்டுமா என்று கேட்டேன். “துப்பனா ஒதப்பேன்” என்றார். பாண்டிச்சேரியை விட மரியாதையான இடம்.

பக்கத்துக் கடையில்தான் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். தட்டு நூறு ரூபாய். முகப்பில் கோவிந்தன் என்ற இளைஞர் பணம் வாங்கிக்கொண்டு பெயர் கேட்பார். அதை உள்ளே திரும்பிச் சொல்வார். அடுப்படியில் அவருடைய அண்ணி மல்லிகா. சோறு போட்டுத் தட்டைக் கையில் எடுத்ததும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் தெரியாத பனியில் பெயரை வைத்துத்தான் வியாபாரம்.

என் பெயர் பாவாடை. எங்கள் பக்கத்தில் பாவாடைராயன் சாமி பெயரை வைப்பது சகஜம். ஆனால் வெளியூர்க்காரர்கள் நடுவே ஒரு பெண் “பாவாடை, பாவாடை” என்று கூவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் வெளியே போனால் வாயில் வந்த பெயரைச் சொல்வேன். அன்றைக்கு வாயில் வந்தது ஏழுமலை.

கோவிந்தன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, மெதுவாக, “அண்ணி, ஏழுமலை” என்றார்.

குமார் வந்து வாங்கிப் போனார். செல்வி வந்து வாங்கிப் போனார். எனக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பமே சாப்பிட்டுக் கை கழுவியது. ஏழுமலையை யாரும் கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தேன். மல்லிகா ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சோற்றிலிருந்து ஆவி போய்விட்டிருந்தது.

தேன் கடைக்காரர் என்னைப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மல்லிகாவின் புருஷன் பெயரும் ஏழுமலைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேற்கே காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர். கூடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. செத்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. வருகிற அமாவாசைக்குப் படையல் போட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்று கோவிந்தன் கேட்டுக்கொண்டிருக்கிறார். மல்லிகா ஒப்பவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பதால் இன்றுவரை அவர் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை.

எனக்குப் பசி போய்விட்டது. உண்மைப் பெயரைச் சொல்லிவிடலாம் என்று முகப்புக்குப் போனேன். அதற்குள் கோவிந்தன் பேசிவிட்டார். அதட்டவில்லை, கெஞ்சினார்.

“கூப்பிடு அண்ணி. இருக்கறவரு பேர சொன்னாதான தப்பு. இல்லாதவரு பேர சொன்னா இன்னா ஆவப் போவுது? நானும் அழுதுட்டுதான் சொல்றேன்.”

மல்லிகா தட்டைப் பார்த்தார். தாலிக் கயிற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்குகிறவர் மாதிரி மூச்சை இழுத்து, “ஏழுமல” என்று கூப்பிட்டார்.

“தோ, வர்றேன்.”

நான் வாயே திறக்கவில்லை. குரல் ஜனங்கள் நின்ற பக்கத்திலிருந்து வரவில்லை. அடுப்புக்குப் பின்னால், மைதானம் முடிந்து சரிவு இறங்கும் பக்கத்திலிருந்து வந்தது. தூங்கி எழுந்த ஆம்பளையின் குரல், கொஞ்சம் கரகரப்பு. தேன் கடைக்காரரின் கரண்டி பாட்டிலுக்குள் அப்படியே நின்றது. எல்லோரும் சரிவைப் பார்த்தோம். பனி நகர்ந்துகொண்டே இருந்தது. யாரும் வரவில்லை.

கோவிந்தன் போய்ப் பார்த்தார். முழங்கால் வரை நனைந்து திரும்பி வந்து, நேராக என் முன்னால் நின்றார்.

“அண்ணே, நீங்கதான கொரலு குடுத்தீங்க?”

ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவருடைய கண் கேட்டது. சொல்வது சுலபம். நாளெல்லாம் புளுகுகிறவனுக்கு இன்னொரு புளுகு பாரமா? பனிக்குள் இருப்பது பேயும் இல்லை, அண்ணனும் இல்லை என்று அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் மல்லிகாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்றால் அவர் ஒரு செத்தவரின் பெயரைச் சொன்னதாக ஆகிவிடும்.

“நான் இல்லப்பா. எம் பேரு ஏழுமலையே இல்ல, பாவாடை” என்றேன்.

என் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்காதது அன்றைக்குத்தான்.

மல்லிகா வாயில் பட்டென்று அடித்துக்கொண்டார். “இருக்கறவரு பேர சொல்லிட்டனே” என்றார். அப்புறம் கோவிந்தனிடம், கல்லை எடுத்துத் தரையில் வைப்பதுபோல், “அமாவாசைக்கு ஒண்ணும் வாணாம் தம்பி” என்றார்.

“யாரு கொரலோ அண்ணி. கண்டது கிண்டது…”

“அவரு கொரலு எனக்குத் தெரியாதா? வர்றேன்னு சொல்லிட்டாரு. கம்முனு இரு.”

அந்தத் தட்டை எனக்குக் கொடுக்கவில்லை. வேறு தட்டில் சோறு போட்டு, “பாவாட அண்ணே” என்று கூப்பிட்டார். வாங்கினேன். சாமை உதிரி உதிரியாக, குழம்பு மிளகுக் காரத்தோடு நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியவில்லை. என் தட்டில் இருந்து நிமிரும்போதெல்லாம், சரிவைப் பார்த்துக்கொண்டு, ஆறிய தட்டோடு நிற்கும் அவருடைய முதுகுதான் தெரிந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது அந்த முதுகும் பனிக்குள் போயிருந்தது. தட்டைக் கரண்டியால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கடையில் தட்டுகிறார்களா, சரிவில் தட்டுகிறார்களா என்று நான் நின்று பார்க்கவில்லை. ஓடினேன். செருப்பு ஒன்று அங்கேதான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் வெளிச்சம் இருந்தது. புழுக்கம், ஹாரன், பரோட்டாக் கல்லில் தட்டும் சத்தம். இவ்வளவு நாள் இதை இரைச்சல் என்று திட்டியிருக்கிறேன். சின்னசேலம் வந்து, நன்றாக இருட்டிய பிறகு வீட்டு வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றேன். என் மனைவி வசந்தா, குடித்திருக்கிறேனா என்று முகர்ந்து பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். ஒரே ஒருமுறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றேன். மாட்டேன் என்றாள்.

“நான் எங்கனா தொலைஞ்சி பூட்டா எப்பிடி கூப்புடுவ?”

“இந்தான்னு கூப்புடுவேன்.”

“இந்தான்னா கண்டவன்லாம் ‘தோ வர்றேன்’னு வந்து நிப்பானே.”

அவள் சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டு, தெருவின் இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“வரட்டும். வந்ததுல நீ எதுன்னு எனக்குத் தெரியாதா?”