குழலுக்கு மிரண்ட குதிரை

1. சுரண்டையிலிருந்து ஒரு போன்

கால்நடை மருத்துவர் ஓய்வு பெறலாம், அவருடைய போன் ஓய்வு பெறாது. இலஞ்சியில் என் வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் செல்லத்துரை அண்ணாச்சி கூப்பிட்டார். குற்றாலம் போகிற வழியில் லாயம் வைத்திருப்பவர். லாயம் என்று பேர்தான், இருப்பது ஒரே குதிரை. செல்வி என்கிற வெள்ளைப் பெட்டை. சீசனில் அருவிக்கு வருகிறவர்களை ஏற்றிச் சவாரி, மற்ற நாட்களில் கல்யாண ஊர்வலம். அதை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"டாக்டரம்மா, செல்வி மாப்பிள்ளையக் கீழ தள்ளிட்டு ஓடிட்டு. சுரண்டையில நிக்கேன். கால்ல ரத்தம் ஊத்துது."

"வெடி போட்டாவளா அண்ணாச்சி?"

"வெடிக்கா? சரவெடி பக்கத்துல வெடிச்சுது, காதக்கூட ஆட்டல. செண்டை மேளத்துக்கும் அசையல. மண்டப வாசல்ல நிக்கம்போது ஸ்பீக்கர்ல புல்லாங்குழல் போட்டாவ. அதக் கேட்டதும் பிச்சுக்கிட்டு ஓடுது!"

குடித்திருக்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பாவம், அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

கார் பிடித்துப் போனேன். ரோட்டோரத்து இரும்புத் தடுப்பில் மோதிப் பின்னங்கால் கிழிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. மரத்துப்போகிற ஊசி போட்டுத் தைத்தேன். மாப்பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் அவர் விழுகிற வீடியோ நாங்கள் ஊர் திரும்புவதற்குள் எல்லார் போனுக்கும் போய்விட்டது. பேசிவைத்திருந்த ஊர்வலச் சவாரிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

2. ஆணியில் தொங்கிய செல்போன்

தையல் ஆறும்வரை தினமும் கட்டு மாற்றி ஊசி போட வேண்டும். லாயத்துக்குப் போகிற பாதை எப்போதும் சேறு. ஸ்கூட்டரைத் தார் ரோட்டில் நிறுத்தி, "வந்துட்டேன்" என்று ஒரு போன் அடித்துவிட்டுத் தென்னந்தோப்பு வழியாக நடந்து போவது என் வழக்கம். கட்டு மாற்றப் போன முதல் நாள் சிக்னல் இல்லை. சொல்லாமலே போய், முழங்கால் வலி அடங்கட்டும் என்று லாயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செல்வி வாளிக்குள் முகத்தை விட்டுக் கொள்ளு தின்றுகொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தது. காது இரண்டும் தளர்வாக இருந்தன. திரும்பவும் வாளிக்குள் முகத்தை விட்டது.

அதற்குள் அண்ணாச்சியின் மனைவி இசக்கி என்னைப் பார்த்துவிட்டாள். "வந்துட்டியளா டாக்டரம்மா, சொல்லவே இல்லையே!" என்று பதறிக்கொண்டே, பழக்க தோஷத்தில் ஓடி, ஆணியில் பையோடு தொங்கிய செல்போனை அமுக்கினாள். புல்லாங்குழல். காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

செல்வி வாளியை எத்திவிட்டது. காது இரண்டும் பிடரியோடு ஒட்டிக்கொண்டன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. கழுத்தில் வேர்வை பூத்து, கட்டின கயிறு அறுந்துவிடும்போல இழுத்தது.

"அத நிறுத்து இசக்கி!"

நிறுத்தினாள். வெகுநேரம் கழித்துத்தான் அதன் மூச்சு கீழே இறங்கியது.

பிறகு நிதானமாக விசாரித்தேன். ஆடிச் சாரலில் ஈரத்திலேயே நின்று செல்விக்குக் குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தது. அப்போதும் நான்தான் தினமும் வந்து குளம்பைச் சீவிச் சீழை எடுத்து ஊசி போட்டேன். பாட்டுப் போட்டால் குதிரை சாந்தமாக நிற்கும் என்று இசக்கி ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். அது பொய்யும் இல்லை. சாரல் காற்றில் தகரக் கூரை படபடவென்று அடிக்கிறபோது, ரேடியோவை மெதுவாக ஓடவிட்டால் அந்தச் சத்தம் அமுங்கிக் குதிரை தீனி எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். குளம்பு வைத்தியத்தின்போதும் லாயத்தில் குழல் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எந்நேரமும் ஓடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"மத்த நேரமும் போடுவியா இசக்கி?"

"எங்க? சார்ஜ் தீந்துரும்லா. நீங்க ரோட்டுல இருந்து போன் அடிச்சதும் போட்டுவிடுவேன். நீங்க போனதும் நிறுத்திருவேன்."

விஷயம் அவ்வளவுதான். குழல் கேட்கும், பின்னாலேயே கத்தியும் ஊசியும் வரும். ஒரு நாள்கூடத் தப்பாமல் வந்திருக்கிறது. சரவெடி அதற்கு வெறும் சத்தம். குழல் அப்படியில்லை.

சொன்னதும் இசக்கி அழ ஆரம்பித்துவிட்டாள். "ஆறுதலா இருக்கும்னுதானம்மா போட்டேன். நானே கெடுத்துட்டேனே."

"நீ கெடுக்கல. வலி வரப்போவுதுன்னு அதுக்கு முன்கூட்டியே சொல்லிக்கிட்டு இருந்திருக்க. அது நல்லாப் புரிஞ்சுக்கிட்டுது, அவ்வளவுதான்."

3. செங்கோட்டை புரோக்கர்

அண்ணாச்சிக்கு இதைக் கேட்டும் முகம் தெளியவில்லை.

"காரணம் தெரிஞ்சு என்னத்துக்கு ஆவும், டாக்டரம்மா? இப்ப எந்த மண்டபத்துல குழல் போடாம இருக்காவ? ஒவ்வொரு வீட்டுலயும் போய், பாட்ட நிறுத்துங்க, எங் குதிரை பயப்படுதுன்னு சொல்ல முடியுமா? செல்விய வித்துருதேன்னு செங்கோட்டை மாட்டுப் புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன். வேன் கொண்டு வாரேன்னுட்டான்."

காலில் தையலோடு மலை தாண்டிப் போகிற குதிரை கறிக்கடையில்தான் போய்ச் சேரும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இசக்கிதான் பேசினாள்.

"வேன் வரட்டும். நானும் அதுலயே ஏறிப் போயிருதேன். பொறவு நீங்களே பொங்கித் தின்னுங்க."

தையல் பிரிக்கிற வரைக்கும் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவானது. அன்றிலிருந்து குழல் கொள்ளு வாளியோடு மட்டும் வர வேண்டும் என்றேன். முதலில் காதில் விழுந்தும் விழாத மாதிரி, பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி. நான் வருகிற நேரம் பாட்டே கூடாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஊசி வந்தால் செல்வி நாள் முழுக்கப் பயந்துகொண்டே நிற்கும். எந்தச் சத்தம் கேட்டால் வலி, எது கேட்காவிட்டால் நிம்மதி என்று அதற்குத் தெரிய வேண்டும். என் பழைய ஸ்கூட்டரின் ஹாரன் தொண்டை கட்டின மாதிரி ஒலிக்கும், அந்த வட்டாரத்தில் வேறு எந்த வண்டிக்கும் அந்தக் குரல் கிடையாது. முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வண்டியைச் சேற்றில் உருட்டி லாயத்து வாசல்வரை கொண்டுபோய், ஹாரன் அடித்துவிட்டுத்தான் பையைத் திறந்தேன். தினமும் அப்படியே செய்தேன்.

முதலில் குழல் கேட்டால் செல்வி கொள்ளை அப்படியே விட்டுவிட்டு மூலையில் போய் நின்றது. இசக்கி வாளியைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒரு வாய் தின்றது. பிறகு பாதி வாளி.

4. தையல் பிரித்த நாள்

தையல் பிரிக்கப் போனபோது அண்ணாச்சியே குழலை உரக்கப் போட்டுக் காண்பித்தார். செல்வி தலையைத் தூக்கியது, காதுகளை முன்னால் நீட்டி வாளியைத் தேடியது. அண்ணாச்சி அங்கேயே நின்று புரோக்கருக்குப் போன் போட்டார். "வேன் வேண்டாம்லே."

நான் வெளியே போய் ஹாரன் அடித்தேன். உள்ளே அது பயத்தில் குளம்பால் தரையை உதைப்பது வாசல்வரை கேட்டது. கண்ணீர் வந்தது. சந்தோஷம்தான், முழுச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பணிக்காலம் முழுக்க என்னைக் கண்டு மாடு இழுத்துக்கொண்டது, ஆடு கத்தியது, நாய் கட்டிலுக்கடியில் நுழைந்தது. ஒன்றாவது என்னைப் பார்த்து வாலாட்டாதா என்று ஏங்கிய நாட்கள் உண்டு. இப்போது நானே வலியப் போய் ஒரு குதிரையின் பயத்தை வாங்கி என் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அலுப்பாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பயத்தை முழுசாகத் துடைத்துவிட உங்களால் முடியாது, ஊசி குத்தத்தான் செய்யும். அந்தப் பயம் எங்கே போய் ஒட்டுகிறது என்று பாருங்கள். அந்த ஜீவனின் பிழைப்பின் மேலோ தீனியின் மேலோ ஒட்ட விடாதீர்கள். உங்கள் மேல் ஒட்டினால் பரவாயில்லை.

போன மாதம் தென்காசியில் ஒரு ஊர்வலத்துக்குப் பின்னால் அதே ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டேன். முன்னால் வெள்ளைக் குதிரை, மேலே மாப்பிள்ளை, கயிற்றைப் பிடித்தபடி செல்லத்துரை அண்ணாச்சி. மண்டப வாசலில் குழல் ஆரம்பித்தது. செல்வி காதை முன்னால் நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அதைச் சுற்றிக் கார்களும் ஆட்டோக்களும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

எனக்குப் பின்னால் ஒரு ஆட்டோக்காரர் சத்தம் போட்டார். "யம்மா, சும்மா நிக்கியளே! ஆரன் அடிங்க, வழி விடுவாவ."

நான் ஹாரன் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டு வண்டியை அணைத்தேன். மாப்பிள்ளை இறங்கி உள்ளே போகிறவரை, அந்த ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.