அந்தோனியண்ணை பெமனன்ற் ஆன வெள்ளிக்கிழமை

இன்று காலை மகன் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தான். ஒப்பந்தத்தில் அவன் வேலை பார்க்கும் கணினிக் கம்பனி, நிரந்தரமாக வந்து சேரச் சொல்லிக் கேட்டதாம். "நான் வேண்டாமெண்டிட்டன் அம்மா, கொன்றாக்ற்தான் எனக்கு வசதி" என்றான், தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்கிற மாதிரி. "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டேன். பதற்றம் வந்தால் எனக்கு வேறு கேள்வி வாயில் வருவதில்லை. அதற்குள் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

தண்ணீர் குடிக்கலாம் என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். நேற்று வாங்கி வைத்த மீனின் மணம் குளிரோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. அதில் கொஞ்சம் அமோனியாவும் கலந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மறுபடி இருபத்திரண்டு வயது ஆகியிருக்கும்.

குருநகர்க் கரையில் அப்போது ஓர் ஐஸ் தொழிற்சாலை இருந்தது. அரசாங்கத் திணைக்களம் ஒன்றுக்குச் சொந்தமானது. எண்பத்தைந்து பக்கமாக இருக்கும். நான் அங்கே ஒப்பந்தத்தில் தட்டச்சுக்காரி. அமோனியாவால் ஐஸ் உறைய வைக்கும் மெஷினை ஓட்டியவர் அந்தோனியண்ணை, அவரும் ஒப்பந்தம்தான். அதே தெருவில் வீடு, சொந்தமாக ஒரு வள்ளம், எப்போதும் மடித்துக் கட்டிய சாரம். கந்தோரில் நிரந்தரக்காரர்களுக்குக் கதிரை, எங்களுக்குச் சுவரோரம் ஒரு வாங்கு. அந்த வாங்கின் ஒரு கால் கட்டை. இருவரும் சேர்ந்துதான் இருக்க வேண்டும், சேர்ந்துதான் எழும்ப வேண்டும். சொல்லாமல் எழும்பி என்னை மூன்று தரம் விழுத்திய பெருமை அந்தோனியண்ணைக்கு உண்டு.

ஒருநாள் பெரியவர், அதாவது எங்கள் மேற்பார்வையாளர், கூப்பிட்டுச் சொன்னார்: ஒப்பந்தக்காரரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி வந்து நேர்முகம் வைப்பார்.

என் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. காரணம் சொல்கிறேன். அந்த மாதம்தான் வீட்டில் எனக்கு ஒரு கனடா மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பனிக்குள் நின்று எடுத்த படம் ஒன்று வந்திருந்தது. தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே மூக்கு மட்டும் தெரிந்தது. நல்ல மூக்குத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐஸ் அறை வாசலைத் தாண்டினாலே மூன்று நாள் தும்முகிற நான் அங்கே போய் என்ன செய்வது? அம்மாவோ, ஊர் கெட்டுக் கிடக்கிறது, பெண்பிள்ளை வெளியே போய்ச் சேரட்டும் என்று அழுதுகொண்டிருந்தார். அப்பா தபாற்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். நிரந்தர உத்தியோகம் என்றால் சுவாமிப்படத்துக்கு அடுத்தபடி. "பெமனன்ற் ஆகினால் அதை விட்டிட்டுப் போகச் சொல்லி நான் சொல்லமாட்டன்" என்று சொல்லியிருந்தார். எனக்கு அது போதும்.

ஆனால் பெரியவர் ஒரு குண்டையும் சேர்த்துப் போட்டார். "அந்தோனி நிண்டால்தான் ஃபக்டரி நிக்கும் பிள்ளை. ஃபக்டரி நிண்டால்தான் உம்மடை ரைப்ரைற்றர் நிக்கும். அவனைச் சம்மதிக்கப் பண்ணும்."

அந்தோனியண்ணையைப் பிடித்தேன். அவர் பீடியைக் காதில் சொருகிவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, பெமனன்ற் எண்டால் எட்டு மணிக்கு வரவேணும். கடலுக்குப் போறதெண்டால் லீவு கேக்கவேணும். காத்து எழும்பிற நேரம் உங்கடை பெரியவருக்குத் தெரியுமோ? நீளக் காற்சட்டை வேறை போடவேணுமாம்!"

"அப்ப வேண்டாமெண்டு சொல்லப் போறியளோ அண்ணை?"

"ஐயோ! மனுசி கோயிலிலை மெழுகுதிரி கொளுத்திப்போட்டு நிக்கிறாள். நான் வேண்டாமெண்டால் என்னையும் சேர்த்துக் கொளுத்துவாள்."

பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தானாக மறுத்தால்தானே மனைவி கோபிப்பாள். அவர்களே வேண்டாமென்று கழித்துவிட்டால்? மனிதர் அதைத்தான் யோசிக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வரை நான் நித்திரை கொள்ளவில்லை. கவலைப்படுவதில் எனக்கு அப்போதே நல்ல பயிற்சி.

வெள்ளிக்கிழமை. அதிகாரி நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனப்பொட்டு, கோயிலிலிருந்து நேரே வந்து இறங்கிய கோலம். என் நேர்முகம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. குறிப்பெடுப்பதற்காக என்னை அறையிலேயே இருக்கச் சொன்னார். வெளியே எட்டிப் பார்த்தால், அந்தோனியண்ணை தமையனின் காற்சட்டை போட்டு, கையில் பனையோலையால் பின்னிய ஓர் உமல் பையோடு வருகிறார். உமலுக்கு வெளியே ஒரு முழம் வால்.

ஓடிப்போய் வாசலில் மறித்தேன். "அண்ணை, என்ன இது?"

"பாரை. பெரிய மனுசரைப் பாக்க வெறுங்கையோடை வரலாமே?"

"இண்டைக்கு வெள்ளி! அவர் சைவம்!"

"ஓமே? மறந்து போனன்."

வெள்ளிக்கிழமைகளில் சைவ வீடுகளில் மீன் காய்ச்ச மாட்டார்கள், சந்தையில் ஐஸும் போகாது என்று வியாழன் பின்னேரமே மெஷினைக் குறைத்து ஓட்டுகிற மனிதர், மறந்துபோனாராம்! வாலைப் பிடித்து இழுத்தேன். அவர் தலைப்பக்கம் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது மீன் அல்ல, என் உத்தியோகம். அவர் உள்ளே போய் உமலை அதிகாரியின் மேசையில், பிள்ளையார் படத்துக்கு நேர் கீழே, வைத்தார்.

பெரியவர் இருமினார். நான் மனதுக்குள் தடித்த கம்பளிச்சட்டை பின்னத் தொடங்கினேன்.

"இண்டைக்கு என்ன கிழமை?" என்று அதிகாரி கேட்டார்.

"வெள்ளி ஐயா. எங்கடை ஆக்களுக்கு வெள்ளியெண்டால் இறைச்சி இல்லை, மீன்தான்." முகத்தில் குழந்தை யேசுவின் களை.

அதிகாரி உமலுக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். மீனின் செவுளை விரலால் தூக்கிச் சிவப்புப் பார்த்தபோதுதான், இவர் வெள்ளிக்கு மட்டும் சைவம் என்பது எனக்கு உறைத்தது.

"எங்கடை வீட்டிலை நாளைக்குத்தான் காய்ச்சலாம்" என்றார். "ஆனால் நாளை வரைக்கும் உம்மடை ஐசிலை இது கிடக்காதாம். உங்கடை ஐஸ் அரைநாளிலை தண்ணியாப் போகுதெண்டு சந்தையிலை கதைக்கினம்."

அந்தோனியண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "எந்தப் பேயன் சொன்னவன்? ஐயா, என்ரை ஐசிலை நாளைக்கில்லை, திங்கட்கிழமை வரைக்கும் கண் கலங்காமல் கிடக்கும்!"

"இப்பிடித்தான் சொல்லுவியள். மெஷினுக்குப் பக்கத்திலை ஆள் நிண்டால்தானே?"

"நான் நிக்கிறன்!"

"எட்டு மணிக்கே வந்து?"

"ஆறு மணிக்கே வந்து நிப்பன்! நீங்கள் வந்து பாருங்கோ!"

"ஒவ்வொரு நாளும்?"

"ஒவ்வொரு நாளும்!"

"நல்லது. எழுதும் பிள்ளை" என்றார் அதிகாரி, சிரிக்காமல்.

நான் எழுதினேன். அவ்வளவு வேகமாக நான் வாழ்நாளில் எழுதியதில்லை. வெளியே வந்து வாங்கில் இருந்த பிறகுதான் அந்தோனியண்ணைக்கு விஷயம் விளங்கியது. "தங்கச்சி, நான் என்னத்துக்கு ஓம் எண்டனான்?" என்றார். நான் சொல்லாமல் எழும்பினேன். அவர் விழுந்தார்.

பாரை சனிக்கிழமை அதிகாரி வீட்டுக்குப் போனது. மூக்கு மாப்பிள்ளைக்கு அப்பா மறுப்பெழுதினார். அந்தோனியண்ணைக்கு ஒரு கதிரை வந்தது. அதில் அவர் வள்ளத்தில் குந்துகிற மாதிரிக் கால்களை மேலே வைத்துக் குந்தியிருப்பார்.

பிறகு சண்டை முற்றி, கடலுக்குப் போகத் தடை வந்தது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வாங்க ஆளில்லாத ஐஸ் வாய்க்காலில் உருகி ஓடியது. தெருப் பிள்ளைகள் அதில் கால் நனைத்துக் கூச்சலிட்டார்கள். தொண்ணூறில் மின்சாரமும் நின்றது. அதன் பிறகு ஐஸ் இல்லாத ஐஸ் தொழிற்சாலையில் நாங்கள் நிரந்தரமாக இருந்தோம். "லீவு தருவினம் தங்கச்சி, கடலை ஆர் தரப் போகினம்?" என்பார் அவர். தொண்ணூற்றைந்தில் பட்டணமே மழையில் நனைந்து வெளியேறியபோது நாங்களும் வெளியேறினோம். நான் திரும்பி வந்து வேறு கந்தோரில் சேர்ந்தேன். அவர் வள்ளமேறி இந்தியா போய், பிறகு மகள் கூப்பிட்டு, நம்பமாட்டீர்கள், கனடா போய்விட்டார்.

போன மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குப் பேசினார். "இஞ்சை ஆரும் மெஷின் ஓட்டாமலே தெருவெல்லாம் ஐஸ் கிடக்குது தங்கச்சி. ஒரு மீனைக் காணேல்லை." கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "எங்கடை ஃபக்டரி நிக்குதோ?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போகத் தேவையில்லை, அந்தப் பக்கத்தால்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். கூரை இல்லை, சுவர் இல்லை, மெஷின் இல்லை, மூக்கை எரிக்கும் அந்த மணமும் இல்லை. கனடாவுக்குப் போகவிடாமல் என்னை ஊரில் பிடித்து வைத்த வேலைக்கு, இன்று ஊரில் ஒரு செங்கல்கூட இல்லை.