எண்ணிக்கைக்குக் கொடுத்த ரத்தம்

அம்மையப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் கடையில், எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது பிழைப்பு. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வராவிட்டால்கூடக் கேட்காமல், வெறுஞ்சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து வருகிற ஆள்.

இருபத்தாறு வயதில், பக்கத்துக் கடைக்காரருக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். சோதித்துப் பார்த்த நர்ஸ், "உங்களுக்கு ஓ நெகட்டிவ். லேசுல கெடைக்காத ரத்தம், தெரியுமா?" என்றாள். தன்னிடம் இருக்கும் எதையும் அரியது என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூன்று தடவை சொன்னார். பொருநை சகோதரர் சங்கத்தில் சேர்ந்தது அந்த வாரம்தான்.

ரத்தம் கொடுப்பவர்களின் சங்கம் அது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைத்துக்கொள்வார்கள். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் தாண்டிப் பொருநை ஆறு போகிற வழியெல்லாம் அவர்களுக்கு ஆள் இருந்தது. யாருக்கு எந்த ரத்தம், கடைசியாக எப்போது கொடுத்தார், இன்றைக்கு ஊரில் இருக்கிறாரா என்பதெல்லாம் அம்மையப்பனின் மனதில் இருந்தது. நேரில் பேசக் கூசுகிறவர் போனில் வேறு ஆள். ஓ நெகட்டிவ்காரர்கள் அவரையும் சேர்த்து எட்டுப் பேர். அவர்களை மட்டும் ரத்ததான முகாமுக்கு வரவிட மாட்டார். "அவசரத்துக்குக் கைவசம் ஆள் வேணும்லா" என்பார். அவர் இந்தப் பொறுப்பை ஏற்ற பத்தொன்பது வருடத்தில் அந்த ஏற்பாட்டுக்குக் குறை வந்ததில்லை.

இந்த வருடம் ஜூன் மாதம் கடிதம் வந்தது. நாட்டு மக்களுக்குச் சங்கம் ஆற்றிய தொண்டைப் பாராட்டி அரசு நற்சான்று. சுதந்திர தின விழா மேடையில் கலெக்டர் கையால் வழங்கப்படும். ஒரே ஒரு நிபந்தனை: ஓராண்டில் ஆயிரம் யூனிட் எட்டியிருக்க வேண்டும். தலைவர் ஜெபசீலன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடிதத்தை வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. முப்பது வருடமாகச் சொந்தப் பென்ஷனையும் போட்டுச் சங்கத்தை நடத்துகிறவர்.

ஜூலை கடைசி ஞாயிறு முகாம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஆறு குறைந்தது. ஜெபசீலன் அம்மையப்பனின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நெகட்டிவ் ஆளுகளைக் கூப்பிடும் வே. இந்த ஒரு தடவைதான்."

"சார், மூணு மாசத்துக்கு அவங்க மறுபடி குடுக்க முடியாது. எவனுக்காவது வேணும்னா..."

"வந்தா பாத்துக்கிடலாம். ரத்தம் எங்க போகுது? பேங்க்லதான இருக்கப் போகுது."

அம்மையப்பனுக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. அந்த மேடையை அவரும் மனக்கண்ணால் பார்த்துவிட்டார். ஒவ்வொருவராகப் போன் செய்தார். எட்டுப் பேரும் கொடுத்தார்கள். எட்டாவது ஆளாக அவரே படுத்துக் கையை நீட்டினார்.

ஆகஸ்ட் பதினைந்து காலை. மைதானத்தில் கொடியேற்றம் முடிந்து போலீஸ் அணிவகுப்பு போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்த அம்மையப்பனின் போன் அதிர்ந்தது.

"அண்ணாச்சி, எம் பேரு முத்துமாலை, சாத்தான்குளம் பக்கம். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரில இருக்கோம். வீட்டுக்காரிக்கு ரெண்டாவது பிரசவம். பிள்ள பொறந்துட்டு, ரத்தம் நிக்க மாட்டங்கு. ஓ நெகட்டிவ் மூணு பாட்டில் கேக்காவ. உங்ககிட்ட கேட்டா கெடைக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ."

அம்மையப்பன் "வாரேன்" என்று மட்டும் சொல்லி எழுந்தார். பின்னால் ஒலிபெருக்கியில் சங்கத்தின் பெயரைக் கூப்பிட்டது கேட்டது; திரும்பவில்லை.

ஆட்டோவில் போகும்போதே ரத்த வங்கிகளுக்கெல்லாம் போன் அடித்தார். முகாம் ரத்தத்தில் நெகட்டிவ் ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்று விபத்துக் கேஸ்களுக்குப் போயிருந்தது, மற்றதை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். நாகர்கோவிலில் இரண்டு இருந்தது. எடுத்து வேனில் ஏற்றி வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும், வேறு வகை ரத்தமும் ஏற்ற வழியில்லை என்றார் டாக்டர். முதல் பிரசவத்திலேயே முத்துமாலையின் மனைவி செல்லக்கிளியின் உடம்பில் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிர்ப்பு உண்டாகியிருந்தது.

அம்மையப்பன் ரத்தம் எடுக்கும் அறைக்குப் போய்ப் படிவத்தை வாங்கினார். கடைசியாகக் கொடுத்த தேதி என்ற இடத்தில் ஏப்ரல் என்று பொய் எழுதினார். விரல் நுனியில் குத்திப் பார்த்த பையன், "ரத்தம் இவ்வளவு கம்மியா இருக்கே. போன மாசம் முகாம்ல குடுத்தீங்கல்லா? நான்தான எடுத்தேன்" என்றான்.

"எடுத்துருப்பா. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒன் கால்ல விழுதேன்."

பையன் பதறி எழுந்து நின்றுவிட்டான். ஊசி போட மறுத்துவிட்டான்.

அப்போதுதான் இஷ்ரத்தின் நினைவு வந்தது. மேலப்பாளையத்தில் டியூஷன் எடுக்கிற பெண். அவளும் ஓ நெகட்டிவ். தானாக வந்து ஆறு முறை கொடுத்தவள், இரண்டு வருடத்துக்கு முன் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தாள். சகோதரர் சங்கத்தில் பெண்ணை எப்படிச் சேர்ப்பது என்று கமிட்டி தள்ளிவிட்டது. அந்தக் கூட்டத்தில் அம்மையப்பனும் இருந்தார், வழக்கம்போல் வாய் திறக்காமல். பிறகு அவளைக் கூப்பிட அவருக்கு முகமில்லை.

அவளை அழைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

"இப்பதான் எங்க நெனப்பு வந்துச்சா அண்ணே?"

"ஆமாம்மா. தப்புதான்."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். இருபது நிமிடத்தில் வந்துவிட்டாள்.

அவளுடைய ஒரு யூனிட் ஏறியது. செல்லக்கிளி கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது முத்துமாலை சுவரில் சாய்ந்து அழுதான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். நாகர்கோவில் வேன் எங்கே வருகிறது என்று அம்மையப்பன் டிரைவரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். வள்ளியூர் தாண்டி நிற்கிறது, முன்னால் லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்றான் அவன். வேன் வந்தபோது மணி இரண்டேகால். செல்லக்கிளி போய் அரை மணி நேரமாகியிருந்தது. இருபத்தைந்து வயது.

முத்துமாலை அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க எவ்வளவோ ஓடுனீங்க அண்ணாச்சி. எங்க நேரம்." அம்மையப்பனுக்கு அந்தக் கையை விலக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

நற்சான்றைச் சட்டம் போட்டுச் சங்க அறையில் மாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் அம்மையப்பன் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். சங்கத்தில் அவர் எழுந்து பேசியது அதுவே முதல் தடவை. ஜெபசீலன் "எங்கையால போச்சு" என்றார். இனி நெகட்டிவ்காரர்களை முகாமுக்கு அழைப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். இஷ்ரத்தையும் சேரச் சொல்லிக் கேட்டார்கள். "உறுப்பினரெல்லாம் வேண்டாம். தேவைன்னா போன் பண்ணுங்க, இன்ஷா அல்லா வாரேன்" என்றுவிட்டாள்.

பதினாறாம் நாள் கழிந்து அம்மையப்பன் சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினார். முத்துமாலை வீட்டு வாசலில் மூத்தவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான். சிக்கெடுக்கத் தெரியாமல் சீப்பு மாட்டி, பிள்ளை முனகியது. அம்மையப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: ஆயிரத்துக்குக் குறைந்த ஆறு, அழைத்த எட்டுப் பேர், தான் மறுக்காதது.

முத்துமாலை சீப்பைக் கீழே வைத்தான். கோபப்படுவான், அடிப்பான் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"இத ஏன் எங்கிட்ட வந்து சொல்லுதீய?" என்றான் அவன். "சொல்லி உங்க பாரத்த எறக்கிட்டீய. நான் எங்க கொண்டுபோய் எறக்க?"

உள்ளே கைக்குழந்தை அழுதது. மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கதவைச் சாத்தவில்லை, திரும்பி வரவும் இல்லை.

அம்மையப்பன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். திருநெல்வேலி பஸ் இரண்டு வந்து நின்று போயின. அவர் ஏறவில்லை.