அவன் பாட்டில் மஞ்சள், என் பாட்டில் ரோஸ்

மற்றவர்கள் அடுத்தவன் வீட்டைப் பார்த்தும் வேலையைப் பார்த்தும் வயிறு எரிவார்கள். எனக்கு வயிறு எரிந்தது அடுத்தவனுடைய புற்றுநோயைப் பார்த்து. அது அவன் உடம்பில் இருந்ததல்ல. கண்ணாடிப் பாட்டிலில் அவன் கையால் வளர்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில், ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் ஆராய்ச்சி மாணவர்கள். நான் ஆழ்வார்திருநகரி, வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவன் ஸ்ரீவைகுண்டத்தில் வாழை போடுகிறவர் மகன். எங்கள் வழிகாட்டியான மேடம் எங்கெங்கோ எழுதிக் கேட்டு மார்பகப் புற்றுநோய்ச் செல்களைக் கொஞ்சம் வரவழைத்திருந்தார். எந்த ஊரிலோ நோயில் கிடந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தவை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும் அவை மட்டும் பாட்டில் பாட்டிலாகப் பெருகிக்கொண்டிருந்தன.

வீட்டில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டார்கள். அப்பா முன்னால் மார்பு என்ற சொல் வாயில் வரவில்லை. "சர்க்கரை ஆராய்ச்சி" என்று சொல்லி வைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து தெருவில் சர்க்கரை வியாதி உள்ள அத்தனை பேரும் பாகற்காய் சாப்பிடலாமா, பனங்கிழங்கு ஆகுமா என்று என்னிடம் வந்து நின்றார்கள். எல்லாரிடமும் குறைத்துச் சாப்பிடச் சொன்னேன். ராசியான டாக்டர் என்று பெயர் வந்தது.

சொன்னது முழுப் பொய்யுமல்ல. நல்ல செல் சர்க்கரையை நிதானமாக, காற்றைக் கொண்டு கடைசிவரை எரித்து, முழு சக்தியையும் எடுத்துக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, பாதியை இலையிலேயே விட்டுவிட்டு அடுத்த இலைக்குத் தாவுகிற ஆளைப் போல, காற்று தாராளமாக இருக்கும்போதே சர்க்கரையை அரைகுறையாக உடைத்து, மிச்சத்தை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளும். அந்தப் பசியை எது ஏற்றுகிறது, எது அடக்குகிறது என்பதுதான் மேடத்தின் கேள்வி. இன்சுலினை விட்டுப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில், ஒன்றும் சேர்க்காமலேயே செல்கள் இரண்டு நாளில் எவ்வளவு சர்க்கரை தின்கின்றன என்று தெரிய வேண்டும்.

"மூணு தடவை செய்யுங்க. மூணுலயும் ஒரே கணக்கு யாருக்கு வருதோ அவங்களை மெட்ராசுக்கு அனுப்புதேன்" என்றார் மேடம்.

மெட்ராசில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம் மூன்று மாதப் பயிற்சிக்கு ஓர் ஆளைக் கேட்டிருந்தது. ஒரே ஓர் ஆள். அதற்குள் நான் மனதில் பெட்டியைக் கட்டி முடித்திருந்தேன்.

செல்கள் வாழும் திரவத்தில் ஒரு சாயம் கலந்திருக்கும். சரியாக இருந்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. செல்கள் நன்றாகத் தின்று அமிலம் விட்டால் மஞ்சள். காரத்தன்மை ஏறினால் ரோஸ். இரண்டாம் நாள் காலையில் அவன் பாட்டில்கள் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தன. என்னுடையவை ரோஸ்மில்க்.

"என்ன வே, ஒம்ம செல்லு விரதமா?" என்றான்.

"பைய சாப்பிடுது. வளர்ப்பு அப்படி" என்றேன்.

"வாத்தியார் வீட்டுச் செல்லுல்லா. எங்க வீட்டுது காட்டான். கண்டதைத் தின்னுட்டு வருது."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். உள்ளே எனக்கு அமிலம் சுரந்தது. சாயம் போட்டிருந்தால் அன்றைக்கு நான் மஞ்சள் தங்கமாக நடந்திருப்பேன்.

அந்தச் செல்களுக்குக் கொஞ்சம் கரியமிலவாயு வேண்டும். அது இல்லாவிட்டால் திரவத்தில் காரத்தன்மை ஏறிவிடும். பெரிய ஊர்களில் அதற்கு இயந்திரம் உண்டு. எங்களிடம் இருந்தது ஆளுக்கொரு கனத்த கண்ணாடி ஜாடி. அதற்குள் பாட்டில்களின் மூடியைத் தளர்த்தி அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, விளிம்பில் வாஸலின் தடவிய மூடியை அழுத்தி மூட வேண்டும். சற்று நேரத்தில் சுடர் தானாக அணையும். உள்ளே வேண்டிய காற்று ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்படியே வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிடுவோம்.

இரண்டாம் தடவையும் அவனுக்கு மஞ்சள், எனக்கு ரோஸ். முதல் நாளிலிருந்தே என்னால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. அவன் டீ குடிக்கப் போனால் பெட்டியைத் திறந்து அவன் ஜாடியைப் பார்ப்பேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் மனசு ஆறாது. என் ஜாடியைத் திறந்து, என் பாட்டில் ஒன்றை எடுத்து அவன் ஜாடிமேல் ஒட்டி வைத்து, எத்தனை நிறம் வித்தியாசம் என்று ஒத்துப் பார்ப்பேன். மணிக்கு ஒரு தடவை. சில நாள் இரண்டு தடவை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் அத்தனை உற்றுப் பார்த்ததில்லை.

அவனோ காலையில் ஒரு தடவை திறந்து மூடுவதோடு சரி. அதற்குப் பிறகு ஜாடி என்று ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகம் இருக்காது. அந்த அலட்சியம் வேறு என்னைக் கொன்றது.

மூன்றாம் தடவைக்கு அவன் கணக்கு முந்தைய இரண்டோடும் ஒட்டி வந்தது. எனக்கு மூன்றும் மூன்று ஊர்க்காரர்கள் மாதிரி ஒன்றுக்கொன்று முகம் பார்க்கவில்லை. மேடம் என் தாளை நிமிர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார்.

"ஒரே செல்லு, ஒரே திரவம். ஒங்களுக்கு மட்டும் ஏன் இப்படி வருது?"

"என் செல்லுக்கு என்னமோ நோவு மேடம்" என்றேன். புற்றுநோய்ச் செல்லுக்கு நோவு என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவன்தான் எழுந்து போய் இரண்டு ஜாடிகளையும் மேசைக்குத் தூக்கி வந்தான். பாட்டில்களை அவன் பார்க்கவில்லை. மெழுகுவர்த்திகளைப் பார்த்தான். இரண்டும் ஒரே பாக்கெட், ஒரே நாளில் வைத்தவை. அவனுடையது தேய்ந்து கட்டைவிரல் உயரத்துக்கு வந்திருந்தது. என்னுடையது அண்ணாச்சி கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல நெட்டையாக நின்றது.

"வே, இதை ஏத்துனீரா?"

"ஏத்துனேனே. மொத நாளு."

"அப்புறம்?"

அப்புறம் நடந்தது எனக்கே அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. ஒரு மணி நேரத்தில் மறுபடியும் திறக்கத்தானே போகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் ஏற்றாமல் மூடினேன். சாயங்காலம் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மூன்று வாரமாக என் செல்கள் வெறும் காற்றில், மணிக்கொரு தடவை வெளியே வந்து குளிர்ந்துகொண்டு கிடந்திருக்கின்றன. எந்தச் செல் சாப்பிடும்?

"அடிக்கடி எதுக்குத் திறந்தீங்க?" என்று மேடம் கேட்டார்.

பொய் சொல்ல நேரம் போதவில்லை. "இவன் பாட்டிலோட ஒத்துப் பாக்க" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத் துடைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. "அவர் மெட்ராசு போகட்டும். நீங்க முதல்ல இருந்து ஆரம்பிங்க" என்றார்.

கிளம்புகிற அன்று அவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து என் மேசையில் வைத்தான்.

"வே, என் ஜாடியையும் நீருதான் பாத்துக்கிடணும்."

"என்கிட்டயா குடுக்கீரு?"

"ஒம்ம அளவுக்கு அதைப் பாத்தவன் வேற யாரு இருக்கான்?"

மறுநாள் காலை இரண்டு ஜாடிகளுக்கும் முன்னால் தீப்பெட்டியோடு தனியாக நின்றேன். அவன் மெழுகுவர்த்தியை ஏற்றாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் போதும். அவனுடையதும் ரோஸாகிவிடும். மெட்ராசிலிருந்து திரும்பி வந்து அவனும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். கை தீப்பெட்டியில் இருந்தது. மனசு எங்கே இருந்தது என்று சொல்லமாட்டேன். கடைசியில் அவனுடையதைத்தான் முதலில் ஏற்றினேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏற்றாத மெழுகுவர்த்தியின் உயரம் எப்படிப் பேசும் என்று அப்போதுதான் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

இரண்டு ஜாடிகளையும் நாளைக்கு ஒரு தடவை மட்டும் திறந்தேன். என் பாட்டில்கள் முதல் தடவையாக மஞ்சளுக்குத் திரும்பின. ஆனால் ஒரே கை, ஒரே திரவம், ஒரே தீக்குச்சி என்று இருந்தும் அவனுடையவை ஒரு நாள் முன்னாலேயே மஞ்சளாகிவிட்டன.

மெட்ராசிலிருந்து அவன் கடிதம் போட்டிருந்தான். செல்கள் எப்படி இருக்கின்றன, மேடம் சுகமா, அங்கே சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்று. எல்லாரும் சுகம் என்று பதில் எழுதினேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.